கொளத்தூர் யாத்திரை

சென்னைப் பட்டணத்தாருக்கு மீனைப் பார்ப்பதில் உள்ள ஆசை புதிதன்று. 1909-ம் ஆண்டில் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. மியூசியத்தை நிர்வகித்து வந்த எட்கர் தர்ஸ்டன் என்னும் துரை அதற்காகப் பாடுபட்டவர். ஆசியாக் கண்டத்திலேயே முதலாவது என்று அதற்குப் பெயர் உண்டு. யுத்தம் வந்தது; ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய 1942-ல் அதையும் மூடிவிட்டார்கள். கிளியும் முயலும் பழைய புத்தகமும் ஒரே கூரையின் கீழ் விற்ற மூர் மார்க்கெட்டை 1985-ல் தீ கொண்டுபோயிற்று. யுத்தத்துக்கும் நெருப்புக்கும் தப்பிய அந்த ஆசை இப்போது குடியிருக்கும் இடம் கொளத்தூர்.

வில்லிவாக்கம் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கடைசிப் பேர்வழியாக ஒட்டிக்கொண்டால் சிறிது நேரத்தில் அங்கே போய்விடலாம். வழி கேட்கவேண்டிய அவசியமில்லை. எதிரே வருகிறவர்களின் கைகளைப் பார்த்தால் போதும். தண்ணீர் நிறைந்த பாலிதீன் பையைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஜாக்கிரதையாக ஏந்திக்கொண்டு ஜனங்கள் நடந்து வருவார்கள். அவர்கள் வரும் திக்கே மீன் கடைகள் இருக்கும் திக்கு.

போவதானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகவேண்டும். கடைக்குக் கடை தரையிலிருந்து கூரைவரை கண்ணாடித் தொட்டிகள். வாசலில் சிறு சிறு டப்பாக்கள். டப்பாவுக்கு ஒரு ஃபைட்டர் மீனாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டை ஒன்றாக விட்டால் மல்யுத்தந்தான்! ஒரு மூலையில் பிராணவாயு சிலிண்டர். பையன் ஒருவன் வலையால் மீனை அள்ளிப் பையில் விடுகிறான். குழாயை உள்ளே நுழைத்து 'உஸ்' என்று ஒரு தடவை. ரப்பர் வளையத்தைச் சுழற்றிப் போடுகிறான். கண் மூடித் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இந்தக் கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்துகளிலும், செங்குன்றம் பக்கத்துக் கிராமங்களிலும், கொல்லையிலும் மொட்டைமாடியிலும் தொட்டி கட்டிக் குஞ்சு எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம்.

மீன்களின் பூர்விகத்தை விசாரித்தால் வேடிக்கையாயிருக்கிறது. பொன்மீன் சீன தேசத்தது. ஃபைட்டருக்கு ஊர் சயாம். கப்பிக்கு வெனிசுலாவும் டிரினிடாட் தீவும். தேவதை என்று பெயர் வைத்திருக்கும் ஏஞ்சல் அமெஸான் நதிவாசி. இன்னும் நாலு கடை தாண்டினால் மோலியும் வாள்வாலும் இருக்கின்றன. அவை மெக்ஸிகோவையும் அதை அடுத்த நாடுகளையும் சேர்ந்தவை. ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டபடியால், இவற்றைக் கொளத்தூர்வாசிகள் என்று சொல்வதே நியாயம். சுதேசி மீன் ஏதாவது உண்டா என்று தேடினோம். உண்டு, அதைப் பின்னால் சொல்கிறோம்.

அதற்கு முன் நாம் கண்ட மற்றொரு காட்சி. ஒரு தகப்பனார், ஒரு குழந்தை, ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், இரண்டு பொன்மீன். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு குதூகலமாகப் புறப்பட்டார்கள். கடைக்காரர் கிண்ணத்துக்கு விலை சொன்னார். தீனிக்கு விலை சொன்னார். அதற்குமேல் சொல்ல அவருக்கு அவகாசமில்லை, பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அந்த மீன்களின் ஆயுள் அநேகமாக ஒரு வாரந்தான்.

காரணம் மந்திரமல்ல. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. அது விஷம். ஏரியிலும் ஆற்றிலும் அதைத் தின்று வேறு பொருளாக மாற்றும் நுண்கிருமிகள் இருக்கின்றன. ஒரு வகைக் கிருமி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும்; அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அதில் ஆபத்து குறைவு, செடிகளும் அதை உண்டு தளிர்க்கும். புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் குடியேறிப் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், அது தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகிறது. நாம் என்ன செய்கிறோம்? கடைக்காரர் மீது பழி போடுகிறோம். அல்லது குழந்தையின் ராசி மீது போடுகிறோம்.

நம்மைக் கொளத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனவன் நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவன். "ஸார், கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்தமாதிரி. சங்கத்துக்கும் வாருங்கள்" என்றான். மாதத்தில் ஒரு ஞாயிறு, கடைத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு மொட்டைமாடியில், மீன் வளர்ப்போர் சங்கம் கூடுகிறது. நூற்றுக்குமேல் அங்கத்தினர், அன்று வந்திருந்தவர்கள் அறுபதுக்குக் குறையாது.

சங்கங்கள் நமக்குப் புதியனவல்ல. ஆசிரியர் சங்கம் முதல் அடுக்குவீட்டுச் சங்கம் வரை எல்லாவற்றிலும் சந்தா செலுத்தித் தூங்கியிருக்கிறோம். இங்கே தூக்கம் வரவில்லை. முதல் வரிசையில் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்கு அருகே ஒரு பல் வைத்தியர். அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மாள், மடியில் பேத்தி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ரஸாயனம் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியை. ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்த மூன்று கல்லூரிப் பிள்ளைகள். கடைக்காரர்களும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மூலையில் ஈரச் சாக்கு போட்டு மூடிய பெரிய வாளி ஒன்று; அதற்குள்ளிருந்து அவ்வப்போது 'தொப்' என்று சத்தம் கேட்டது.

நம் மாணவன் முன்பு வேறொரு கூட்டத்தில் இருந்தவனாம். அதில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஃபைட்டர் பிரியர்கள். "எல்லாருக்கும் ஒரே விஷயந்தான் ஸார் தெரியும். ஒருத்தர் தப்பாகச் சொன்னால் எட்டுப் பேரும் தப்பாகச் செய்வோம்" என்றான். பெரிய சங்கத்தின் உபயோகத்தை இதைவிடச் சுருக்கமாக நம்மால் சொல்ல இயலாது.

அன்றைக்கே அதற்கு ஓர் உதாரணம் நேர்ந்தது. அம்பத்தூர் அம்மாள் எழுந்திருந்து, "என் வீட்டில் கப்பி பெருகி வழிகிறது. நியான் டெட்ரா மட்டும் நாலு நாள் தாண்டுவதில்லை. என்ன பாவம் செய்தேனோ!" என்றார். பல் வைத்தியர் நோய் இருக்கலாம் என்றார். கண்டக்டர், "அக்கா, தீனி அதிகமோ?" என்றார். ரஸாயன ஆசிரியை ஒன்றே ஒன்று கேட்டார்: "என்ன தண்ணீர் அம்மா?"

"போர் தண்ணீர்தான்."

அவ்வளவுதான், வழக்கு தீர்ந்தது. ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கப்பிக்கும் மோலிக்கும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கும் அந்தக் கடின நீர் அமிர்தம். நியான் பிறந்த அமெஸான் ஓடைகளில் தண்ணீர் மழைநீர்போல் மென்மையானது. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேமிப்பு வேண்டும் என்று சட்டம் வந்ததே, அந்தக் குழாயின் கீழ் ஒரு டிரம்மை வைத்துப் பிடித்துக் கலந்துகொள்ளும்படி ஆசிரியை சொன்னார். துறைமுகப் பெரியவர் தம் வீட்டு உபரி டிரம் ஒன்றை அம்மாளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். நோயைச் சொன்னவரும் தீனியைச் சொன்னவரும் கெட்டிக்காரர்களே. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ரஸாயனக்காரி வேண்டியிருந்தது. டிரம் கிடைக்க ஒரு துறைமுகக்காரர் வேண்டியிருந்தது.

மற்ற அனுகூலங்களை விவரிக்கப் புகுந்தால் பத்திரிகை கொள்ளாது. வெட்டிய நீர்ச்செடிகளைக் கூடையில் கொண்டுவந்து வைக்கிறார்கள், வேண்டியவர் எடுத்துப்போகலாம். ஒரே ஒரு மைக்ராஸ்கோப் வீடு வீடாகச் சுற்றுகிறது. புதிதாய் வாங்கிய மீனை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்கும் தொட்டிகூட இரவல் கிடைக்கிறது. நம் மாணவனோ, கப்பியின் வாலைக் காட்டி, தகப்பன் நிறம் எந்தப் பிள்ளைக்கு வரும், எதற்கு வராது என்று நமக்கே பாடம் நடத்தினான். வகுப்பில் பட்டாணிச் செடியைக் கரும்பலகையில் வரைந்து நாம் பட்ட சிரமம் நினைவுக்கு வந்தது. சண்டையும் இல்லாமலில்லை. காரியதரிசி தேர்தலில் இரண்டு கட்சி உண்டாகி, இன்னும் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லையாம். ஆனால் மீன் குஞ்சுகளை மட்டும் மூன்றாம் பேர் மூலமாகப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்று கேட்டுச் சந்தோஷமடைந்தோம்.

இப்போது சுதேசி மீன். துறைமுகப் பெரியவர் ஒரு சிறு தொட்டியைக் காட்டினார். விரல் நீளங்கூட இல்லை. உடம்பில் நீலக் கோடுகள். "இது கங்கைக்கரைப் பிள்ளை ஐயா. கடையில் இதற்கு மதிப்பே கிடையாது" என்றார். ஹாமில்டன் என்பவர் 1822-ல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதை வர்ணித்திருக்கிறார். வரிக்குதிரை மீன் என்று உலகம் இதை அழைக்கிறது. அமெரிக்காவில் ஆரிகன் சர்வகலாசாலையில் ஜார்ஜ் ஸ்ட்ரைஸிங்கர் என்ற விஞ்ஞானி இருந்தார். வீட்டில் மீன் வளர்ப்பது அவருக்கு விளையாட்டு. அந்த விளையாட்டிலிருந்தே, பரம்பரை ஆராய்ச்சிக்கு இந்த மீன் தகும் என்று கண்டு, 1981-ல் உலகறிய ஒரு கட்டுரை வெளியிட்டார். 2013-ல் இதன் மரபணுக்கள் முழுவதையும் படித்து முடித்தபோது, மனிதனுடைய மரபணுக்களில் நூற்றுக்கு எழுபதுக்கு இதனிடம் ஜோடி இருப்பது தெரிந்தது. இன்று உலகெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் நம் கங்கைப் பிள்ளை உத்தியோகம் பார்க்கிறது.

அடுத்த தொட்டியில் இருந்தது இன்னும் அருகில் உள்ள உறவு. தாமிரபரணியைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத ஒரு கெண்டை. அதன் விஞ்ஞானப் பெயரிலேயே நதியின் பெயர் இருக்கிறது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீண்டு, நீந்தும்போது அலைகின்றன. இவ்வினம் அருகி வரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தொட்டியில் இருந்தவை ஆற்றில் பிடித்தவை அல்ல. தொட்டியிலேயே பிறந்த மீன்களின் வழிவந்தவை.

இவற்றுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இவற்றை முதலில் வளர்த்தவர் தாம்பரத்துக்கு அப்பால் முடிச்சூரில் இருந்த ஓர் அங்கத்தினர். குஞ்சுகள் பெருகவே அயனாவரத்தில் ஒருவருக்கும், ஆவடியில் ஒருவருக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்தார். 2015-ம் வருஷம் டிசம்பர் வெள்ளம் வந்தது. முடிச்சூரில் தண்ணீர் வீட்டுக்குள் ஆளுயரம் நின்றது. அவரும் மனைவியும் மாடியேறித் தப்பினார்கள், தொட்டிகள் போயின. பட்டணத்தில் வெள்ளம் வராத வீடுகளிலும் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை; காற்றுப் பம்பு நின்று எத்தனையோ மீன்கள் மாண்டன. அயனாவரத்துக்காரரும் அவர் தங்கையும் முறை வைத்துக்கொண்டு இரவெல்லாம் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு தொட்டியிலேயே ஊற்றினார்களாம்; அந்தச் சலசலப்பில் சிறிது காற்று கலக்குமல்லவா? மறு வருஷம் அயனாவரத்திலிருந்து ஆறு மீன்கள் முடிச்சூருக்குத் திரும்பிப் போயின. இந்தத் தொட்டியில் இருப்பவை அந்த ஆறின் சந்ததி.

இதைக் கேட்ட ஒரு கல்லூரிப் பிள்ளை, "இப்படியே ஆற்றிலும் கொண்டுபோய் விட்டுவிடலாமே ஐயா?" என்றான். அதற்கு ஆசிரியை ஒரு மெக்ஸிகோ விருத்தாந்தம் சொன்னார்.

மோலிக்கு ஊரான அந்த நாட்டில், ஜலிஸ்கோ மாகாணத்தில் தெயுசித்லான் என்ற சிற்றூர் உண்டு. அங்கே ஊற்றுநீர் ஓடும் ஆறு ஒன்று. அதில் வாலோரம் செம்மஞ்சள் பிறை போட்ட ஒரு சிறு மீன் இருந்தது. மோலியைப் போல் முட்டையிடாமல் குஞ்சே போடும். ஊர்க் கிழவர்கள் அதைச் 'சிறு சேவல்' என்று அழைத்தார்கள். மாசும் அந்நிய மீன்களும் வந்து சேர, ஆற்றிலிருந்து அது அடியோடு மறைந்தது. ஆனால் ஐரோப்பாவில் மீன் வளர்ப்போர் தங்கள் தொட்டிகளில் அதைப் பெருக்கி வைத்திருந்தார்கள். 1998-ல் ஐவன் டிபிள் என்ற ஆங்கிலேய மீன் வளர்ப்பாளர், இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிசாலையிலிருந்து ஐந்து ஜோடிகளை மொரேலியா நகரத்துச் சர்வகலாசாலைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பத்தே மீன்கள்! சர்வகலாசாலையார் பதினைந்து வருஷம் அவற்றைப் பெருக்கினார்கள். பிறகும் நேரே ஆற்றில் விட்டுவிடவில்லை. 40 ஆண், 40 பெண் மீன்களைப் பெரிய குளங்களில் விட்டு, எதிரியும் நோயும் ஏற்ற இறக்கமும் பழக்கினார்கள். நாலு வருஷத்தில் அவை சுமார் 10,000 ஆயின. ஆற்று நீரைச் சோதித்து, ஊராரையும் குழந்தைகளையும் காவலுக்குச் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகே 1,500-க்கு மேற்பட்ட மீன்களை ஆற்றில் விட்டார்கள். அவை அங்கே குஞ்சு போட்டுப் பெருகுகின்றன என்று 2021-ல் செய்தி வந்தது.

"அவசரப்பட்டு வாளியோடு போனால் நம் வீட்டு நோயையும் சேர்த்து ஆற்றில் விடுவோம்" என்று ஆசிரியை முடித்தார். எல்லாருடைய கண்களும் அந்த மூலை வாளிக்குத் திரும்பின.

சாக்கை நீக்கினார்கள். உள்ளே ஒன்றேகால் அடி நீளத்தில், எலும்புத் தகடு போர்த்த கரிய ஜந்து ஒன்று. கடைகளில் இதற்கு 'டேங்க் கிளீனர்' என்று பெயர். சுண்டுவிரல் அளவில் வாங்கும்போது தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும். வருஷம் திரும்பினால் தொட்டியில் அது மட்டுந்தான் இருக்கும், அல்லது அதற்குத் தொட்டி போதாது. கொல்ல மனமில்லாதவர்கள் இதைப் புண்ணியம் என்று எண்ணி ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இதன் முரட்டுத் தோலைக் கடிக்க நம் ஏரியில் எவனும் இல்லை. நீர் குறைந்தால் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும், கரையைக் குடைந்து முட்டையிடும், வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் குளங்களிலும் கெண்டைக்கு வலை வீசிய மீனவர்கள் இதை வாரிக் கரையில் கொட்டும் காட்சியை இன்று காணலாம். இந்த வாளிக்காரரும் இரட்டை ஏரியில் விடுவதாகத்தான் இருந்தாராம். கண்டக்டர் தடுத்துச் சங்கத்துக்கு அழைத்துவந்தார். வேண்டாத மீனை யாரும் இங்கே கொண்டுவந்து ஒப்படைக்கலாம், கேள்வி கிடையாது என்பது சங்க விதி.

ஒப்படைக்கலாம், வாங்கிக்கொள்வது யார்? வழக்கமாக வாங்குபவர் ஆவடியில் பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவர். அவர் கையை விரித்தார்: "ஏற்கெனவே ஏழு கிடக்கிறது. என் தொட்டி என்ன சமுத்திரமா?"

பல் வைத்தியர் ஒரு தீர்மானம் பிரேரேபித்தார்: சங்கத்தைச் சேர்ந்த கடைக்காரர்கள் இந்த மீனை இனி விற்கக்கூடாது. அம்பத்தூர் அம்மாள் ஆமோதித்தார். பின் வரிசையிலிருந்து ஒரு கடைக்காரர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், கை விரல்கள் தண்ணீரிலேயே ஊறி வெளுத்திருந்தன.

"டாக்டர் ஐயா, நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான். தொட்டி வாங்குகிறவன் முதலில் கேட்பதே இதைத்தான். இல்லையென்றால் தொட்டியையும் அங்கேயே வாங்குவான். இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறேன். ஏரிமேல் எனக்கும் அக்கறை இருக்கிறது, என் தகப்பனார் அதில் வலை போட்டவர்" என்றார்.

கொட்டகையில் சிறிது நேரம் பேச்சில்லை. மீனைத் தின்னும் ஏரிக்காரனும், மீனை விற்கும் கடைக்காரனும், மீனுக்காக வாதாடும் டாக்டரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியதை நாம் வேறெங்கும் கண்டதில்லை. எல்லாரும் டாக்டர்களாக இருந்தால் தீர்மானம் ஒரு நிமிஷத்தில் நிறைவேறியிருக்கும். கடைத் தெருவில் ஒரு மீன்கூடக் குறைந்திருக்காது. எல்லாரும் கடைக்காரர்களாக இருந்தால் தீர்மானமே வந்திராது. கண்டக்டர்தான் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: விற்கும்போதே அது எத்தனை பெரிதாகும் என்பதைத் தொட்டிமேல் எழுதி ஒட்டவேண்டும், வாங்கியவர் திருப்பிக் கொடுத்தால் விற்ற கடையே வாங்கிக்கொள்ளவேண்டும். கடைக்காரர்களுக்குள் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. இரண்டு பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் யோசிக்கவேண்டும் என்றார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு ஏலம் நடந்தது. நம் மாணவன் தன் கப்பிக் குஞ்சுகளை விற்று, அந்தப் பணத்துக்குத் தாமிரபரணிக் கெண்டைக் குஞ்சு ஆறு எடுத்தான். அவை வளர்ந்து பெருகினால் சங்கத்துக்குப் பாதி என்று பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதில் முன்பே பதினோரு வீட்டு விலாசங்கள் இருந்தன. ஒன்றுகூட ஒரே பேட்டையில் இல்லை.

ஷேர் ஆட்டோவுக்காக நாம் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தக் கடைக்காரர் மாடிப்படி இறங்கி வந்தார். கையில் ஈரச் சாக்கு போட்ட வாளி இருந்தது. கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டு, தம் கடையை நோக்கி நடந்தார்.